காலம் எழுதாத கிறிஸ்துமஸ் அட்டை

கிறிஸ்துமஸ் பெட்டியில் பதினேழாம் எண் உறையில் இருக்கிற அட்டைக்கு மட்டும் ஏன் காலம் குறிக்கவில்லை என்று கேட்டு வாட்ஸப்பில் அனுப்பியிருந்தீர்கள். கம்ப்யூட்டரில் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த அட்டைக்குப் போக முடியவில்லையாம். மற்ற எல்லாவற்றுக்கும் ஒழுங்காக எழுதிய மனுஷன் இதை மறந்துவிட்டாரோ என்று உங்களில் ஒருவர் சந்தேகப்பட்டதையும் பார்த்தேன். நான் மறக்கிற விஷயங்கள் நிறைய உண்டு. போன வாரம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோனேன். அந்த அட்டையை மறக்கவில்லை.

ஒரு வரியில் பதில் அனுப்பத்தான் முயன்றேன். நாலு தடவை தட்டி, நாலு தடவையும் அழித்துவிட்டேன். அதனால் தாளில் எழுதி அனுப்புகிறேன். வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாதவன் எழுத உட்கார்ந்தால் சட்டென்று நிறுத்தத் தெரியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து காலை ரயிலில் சிதம்பரம் வந்து, மாலையில் திரும்பி, இப்படியே முப்பத்திரண்டு வருடம் அந்த நூலகத்தில் ஓட்டினேன். புத்தகப் பிரிவில் இருந்தவர்களுக்கு மரியாதை இருந்தது. என்னிடம் வந்தது எல்லாம் கல்யாணப் பத்திரிகை, பழைய காலண்டர், கடை நோட்டீஸ், வாழ்த்து அட்டை. படித்ததும் தூக்கிப் போடுகிற சாமான்களை எதற்குப் பெட்டி போட்டு வைக்க வேண்டும் என்று கேட்காத ஆள் அந்தக் கட்டடத்தில் கிடையாது. மாடியில் கடைசி அறை, ஒரு மின்விசிறி, நாற்பது பெட்டி, நான். டீ கொண்டுவருகிறவரைத் தவிர வேறு யாரிடமும் வாய் திறக்காத நாட்கள் இருந்தன. இப்போது அந்த அறையில் நீங்கள் மூன்று பேர் உட்கார்ந்து சிரித்துப் பேசி வேலை செய்வதாகக் கேள்விப்பட்டேன். பொய் சொல்வானேன், கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

நீங்கள் அனுப்பிய ஸ்கேன்களைப் பார்த்தேன். சுத்தமாக இருக்கின்றன. ஆனால் முன்பக்கம் மட்டும்தான் எடுக்கிறீர்கள். அதுவும் தட்டையாக. வாழ்த்து அட்டையைப் படமாகப் பார்த்தால் பாதிதான் தெரியும். ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடியுங்கள். ரோஜா இதழ் மேலே எழும்பி நின்றால், பின்னாலிருந்து அச்சு கொடுத்து அழுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கட்டை விரலை வைத்தால் தெரியும். நிறம் மாவு பூசினதுபோல் மெத்தென்று இருந்தால், நிறத்துக்கு ஒரு அச்சுக் கல் வைத்து அச்சடித்த காலத்து அட்டை. பூதக் கண்ணாடியில் புள்ளி புள்ளியாகச் சிதறினால் அதற்குப் பிறகு வந்தது. கல்லில் ஒரு கிளியை எழுப்புவதற்கு எட்டு நிறம், எட்டுக் கல், எட்டுத் தடவை அதே அட்டை மெஷினுக்குள் போய் வர வேண்டும். ஒரு தடவை அரை நூல் நகர்ந்தாலும் கிளிக்கு மூக்கு இரண்டாகிவிடும். அப்படி இரண்டு மூக்குக் கிளிகள் மூன்றாவது பெட்டியில் இருக்கின்றன. குறை என்று எழுதிவிடாதீர்கள், எனக்குப் பிடித்தவை அவை.

தங்க நிறத்தையும் கவனியுங்கள். பழைய அட்டைகளில் அது பொடி. பசை கலந்த மையில் முதலில் அச்சடித்து, ஈரம் காய்வதற்குள் பஞ்சால் தங்கப் பொடியைத் தூவித் துடைப்பார்கள். அந்த வேலை செய்தவர்கள் மூக்கு, புருவம் எல்லாம் மின்ன வீட்டுக்குப் போவார்களாம். வருடம் போகப் போக அந்தப் பொடி கறுக்கும். பிற்பாடு வந்தது சூடாக அழுத்தி ஒட்டுகிற மெல்லிய தகடு. அது கறுக்காது, திட்டுத் திட்டாக உரியும். அப்புறம் ஜிகினா வந்தது, வெல்வெட் வந்தது, திறந்தால் பாட்டுப் பாடுகிற அட்டை வந்தது. அதற்கும் அப்புறம் செல்போன் வந்துவிட்டது.

வரைந்தவர்கள் பெயர் எந்த அட்டையிலும் இருக்காது. பொங்கல் அட்டைகளில் அவர்களுக்குக் கவலையே இல்லை. கரும்பு, பானை, மாடு, சூரியன் எல்லாம் வாசலிலேயே இருந்தன. கிறிஸ்துமஸ் அட்டையில்தான் மாட்டிக்கொள்வார்கள். வெளிநாட்டு அட்டை ஒன்றை எதிரே வைத்துக்கொண்டு, வாழ்நாளில் பார்த்திராத பனியை வரைய வேண்டும். கூரையில் இட்லி மாவு வழிந்த மாதிரி வரைந்து வைத்திருப்பார்கள். ஒரு அட்டையில் பனி வீட்டுக்குப் பக்கத்தில் பனைமரம் கூட நிற்கும். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த முகம் தெரியாத ஆளோடு ஒரு டீ குடிக்கலாம் போல் இருக்கும்.

இன்னொரு விஷயம் உங்கள் வயதுக்குத் தெரிய வாய்ப்பில்லை. உறையை ஒட்டாமல் மடிப்பை உள்ளே செருகி, மேலே புக் போஸ்ட் என்று எழுதி அனுப்பினால் தபால் செலவு குறைவு. ஆனால் உள்ளே கடிதம் எழுதக் கூடாது. பெயரும் ஒப்புக்கு ஒரு வாழ்த்துச் சொல்லும்தான். அதனால்தான் உங்கள் பெட்டிகளில் பாதி அட்டைகள் உள்ளே வெறுமையாக இருக்கின்றன. சொல்ல ஒன்றும் இல்லாதவர்கள் அனுப்பியவை என்று நினைக்காதீர்கள். எழுத முடியாததைப் படத்தில் சொல்வதற்காகக் கடை கடையாக ஏறித் தேடியவர்கள் இருந்தார்கள். இதை நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன்.

பதினேழாம் எண்ணுக்கு வருவதற்கு முன்னால் என் அவசர புத்திக்கு ஒரு சான்று சொல்லிவிடுகிறேன். கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறின ஒரு வருடம் குமராட்சி பக்கத்திலிருந்து ஒரு விவசாயி நனைந்த பொங்கல் அட்டைக் கட்டு ஒன்றைப் பையில் போட்டு மினி பஸ்ஸில் கொண்டுவந்தார். வழவழப்பான தாள், ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. அப்படியே ஈரத் துணியில் சுற்றிவைத்துவிட்டு மறுநாள் நிதானமாகத் தண்ணீரில் விட்டுப் பிரித்திருக்க வேண்டும். அவர் எதிரே நிற்கிறாரே என்று, எனக்கு எல்லாம் தெரியும் என்று காட்ட, அங்கேயே பிரித்தேன். ஒரு அட்டையின் மாடு பாதி உரிந்து அடுத்த அட்டையின் சூரியன் மேல் ஏறிக்கொண்டது. அந்த மனுஷன் கோபப்படவில்லை. போவுது வுடுங்க சார், வூட்டுல இருந்த மாடே வெள்ளத்துல போயிடுச்சு என்றார். ஒருவர் எதிரே நின்றால் நம் கைக்கு ஒரு வேகம் வந்துவிடும், அது வேலையின் வேகம் அல்ல. அந்தப் பாடத்தை அன்றைக்கே கற்றுக்கொண்டதாக நினைத்தேன்.

இப்போது அந்த அட்டை. இதில் வருகிற பெயர்கள் நான் வைத்தவை.

ஓய்வு பெறுவதற்கு ஏழெட்டு வருடம் இருக்கும்போது, கடலூர் முதுநகரிலிருந்து லூர்துமேரி என்று ஒரு அம்மாள் ஓர் ஆல்பத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அண்ணன் சேவியர் வடக்கே ரயில்வே வேலைக்குப் போய், வீட்டுக்குச் சொல்லாமல் அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டவர். வீட்டோடு பேச்சு நின்றுபோனது. ஆனாலும் வருடத்துக்கு ஓர் அட்டை, கிறிஸ்துமஸுக்கு அம்மா பெயருக்கு வரும். உள்ளே பெயர் மட்டும். அம்மா அவற்றை ஆல்பத்தில் ஒட்டி வைத்திருந்தார். அம்மா இறந்து பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது, எனக்கு வீட்டில் வைக்க இடமில்லை என்று லூர்து அம்மாள் சொன்னார். மொத்தம் பதினேழு அட்டை.

நான் என்ன செய்தேன் என்றால், படித்த பாடப்படி செய்தேன். அந்தக் கறுப்பு ஆல்பத் தாள் அட்டைகளை அரித்துவிடும், பசை பூச்சியைக் கூப்பிடும். ஒவ்வொன்றாகப் பிரித்து உறையில் போட்டேன். ஆல்பத்தைக் கழிவுத் தாளோடு தள்ளினேன். எங்கள் பைண்டர் அதைப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கத்துல எது இருந்துச்சுன்னாவது எழுதி வெச்சீங்களா சார் என்று கேட்டார். அவர் பெரிய படிப்புப் படித்தவர் இல்லை, பசையும் ஊசியுமாக வாழ்ந்தவர். நான் அவருக்குக் காகிதத்தில் இருக்கும் அமிலத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். அவர் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. நான் எழுதி வைக்கவில்லை.

நாலு வருடம் கழித்து ஒரு டிசம்பர் தொடக்கத்தில் லூர்து அம்மாள் மறுபடி வந்தார். முன்பு பார்த்ததைவிட முகம் தெளிவாக இருந்தது. அண்ணன் இறந்துவிட்டாராம். அண்ணன் மகன் அருள் என்பவன் பழைய விலாசத்தைத் தேடிப் பிடித்து வந்திருக்கிறான். இரண்டு தடவை வந்து தங்கியும் போய்விட்டான். இந்தக் கிறிஸ்துமஸுக்குத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போவதாக ரயில் டிக்கெட்டும் எடுத்துவிட்டான். கேட்காமலேயே இதையெல்லாம் சொன்னார். அத்தைன்னு கூப்புட ஆள் வந்துடுச்சு சார் என்று சொல்லும்போது வெட்கப்பட்டுச் சிரித்தார். அப்புறம்தான் வந்த காரணத்தைச் சொன்னார். அருள் அந்த ஆல்பத்தைப் பார்க்க வேண்டும் என்கிறான், அடுத்த வாரம் கூட்டி வரலாமா என்று.

ஆல்பம் இல்லை என்பதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். போனாப் போவுது என்றார். ஒரு நிமிடம் கழித்து, அப்ப எது மொதல்ல வந்தது, எது கடைசின்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாதுல்ல சார் என்று கேட்டார். அந்தக் குரலில் இருந்தது நிம்மதி. அது எனக்கு அப்போது புரியவில்லை. என் காதில் விழுந்தது, உன்னால் முடியாது என்று ஒருவர் சொல்வது மட்டும்தான். முடியும்மா, ஒரு வாரம் குடுங்க என்றேன். அவர் எழுந்து போனார்.

அந்த ஒரு வாரம் வேறு வேலை பார்க்கவில்லை. தபால் உறை ஒன்றுகூட இல்லை, தேதி எங்கேயும் இல்லை. தாள், மை, தங்கம், மேல் பூச்சு, ஓரம் வெட்டிய விதம் இவற்றை வைத்துப் பதினாறு அட்டைகளை வரிசைப்படுத்திவிட்டேன். மணி, நட்சத்திரம், மாட்டுக்குடில், ரோஜா, புறா ஜோடி. கடையில் முன்னால் தொங்கியதை எடுத்து அனுப்பின மாதிரியான அட்டைகள். பதினேழாவதுதான் தனியாக நின்றது. பனி மூடிய ஒரு வீடு, பாதி திறந்த கதவு, வாசற்படியில் விளக்கோடு ஒரு வயதான பெண் வெளியே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். விளக்கு வெளிச்சம் படிக்கட்டில் இறங்கி வருகிற இடத்தில் தங்கம். அது பொடித் தங்கம், நன்றாகக் கறுத்திருந்தது. மற்ற பதினாறில் ஒன்றில்கூடப் பொடி இல்லை, எல்லாம் தகடு. அப்படியானால் இது எல்லாவற்றுக்கும் மூத்தது. பின்னால் திருப்பினால் வேறு கதை. மற்றவற்றின் முதுகில் மைதாப் பசையின் பழுப்புக் கறை. இதற்கு மட்டும் டியூப் கோந்து, அதுவும் பழுக்காமல் பளபளவென்று. அட்டை எல்லாவற்றிலும் பழையது, ஒட்டியது எல்லாவற்றிலும் புதியது. சில கடைகளில் பழைய சரக்கு பத்து வருடம் கூடக் கிடந்து விற்கும், அதையும் மறுக்க முடியாது. ஆனால் என் மனதில் சந்தேகமில்லை. இதுதான் முதலில் வந்தது.

அருளுக்கு முப்பது வயதிருக்கும். தோளில் பை, வெயிலில் கறுத்த முகம், தமிழ் கொஞ்சம் தடுமாறியது. லூர்து அம்மாள் அவன் பக்கத்தில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மேஜையில் பதினாறு அட்டைகளையும் வரிசையாக வைத்தேன். பதினேழாவது என் கையில் இருந்தது. அதைப் பார்த்ததும் அருள் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் தேடி வந்ததே அதைத்தான்.

அவன் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவனுடைய பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. கடிதம் போட்டால் வேறு யாராவதுதான் படித்துக் காட்ட வேண்டும். அதனால் சேவியர், கல்யாணம் ஆன முதல் வருடம், பார்த்ததும் அம்மாவுக்குப் புரிகிற மாதிரி ஒரு படத்தைத் தேடி வாங்கி அனுப்பினார். வீட்டுக்கு வரட்டுமா என்று அந்தப் படம் கேட்கும். அம்மா சரி என்றால் யாரையாவது விட்டு ஒரு வரி எழுதச் சொல்வாள். பதில் வரவில்லை. அதற்குப் பிறகு வருடா வருடம் கடமைக்கு ஒன்று அனுப்பினார். இது அப்பா சொன்னது. ஆனால் அத்தையோ, கதவு திறந்த வீடு அட்டை கடைசியாகத்தான் வந்தது, அப்போது அம்மா நினைவு தப்பிப் படுக்கையில் இருந்தார் என்று சொல்லியிருக்கிறார். இரண்டில் எது என்று தெரிந்தால் போதும் என்றான் அருள். முதலில் வந்தது என்றால் வீட்டார் கூப்பிடவில்லை. கடைசியில் வந்தது என்றால் அப்பா நேரத்தில் கேட்கவில்லை.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அம்மாள் கைக்குட்டையைச் சுருட்டிச் சுருட்டி விரல் தடிமனுக்குக் கொண்டுவந்துவிட்டார். போன வாரம் அவர் கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆல்பம் போனதற்கு ஏன் கோபப்படவில்லை என்பதும் உறைத்தது.

யோசிக்க எனக்குக் கிடைத்தது ஒரு மூச்சு நேரம். நான் அட்டையைப் பின்பக்கமாகத் திருப்பி அருளிடம் காட்டினேன். மற்றதெல்லாம் மாவுப் பசை, இது மட்டும் டியூப் கோந்து, எல்லாம் ஒட்டி முடிந்த பிறகு கடைசியாக ஒட்டியது என்று விளக்கினேன். சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. தங்கத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. அட்டையை வரிசையின் கடைசியில் வைத்தேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று நீங்கள் கேட்கலாம். பண்டிகை நாளில் ஆள் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பொங்கலன்று பக்கத்து வீட்டில் குக்கர் சத்தம் கேட்டுக்கொண்டு, நமக்கு மட்டும் ஒரு டம்ளர் அரிசி போடலாமா வேண்டாமா என்று யோசிப்பது எனக்குப் பழக்கம். அந்த அம்மாளுக்கு முப்பது வருடம் கழித்து ஒரு ஆள் டிக்கெட் எடுத்திருக்கிறான். அதை என் பூதக் கண்ணாடியால் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. செத்துப்போன மனுஷனுக்கு என்ன நஷ்டம் என்றுதான் நினைத்தேன்.

அருள் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். அத்தை மேல் அவனுக்குச் சந்தேகம் தீர்ந்திருக்கும், சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன்.

“அப்போ அப்பா பொய் சொல்லியிருக்காரு. ஆஸ்பத்திரியில கடைசி வாரத்துல கூட, நான் கேட்டேன்டா, அவுங்கதான் கூப்புடலன்னாரு. நான் நம்பினேன்.”

அவன் யாரையும் பார்த்து அதைச் சொல்லவில்லை. நான் வாயைத் திறந்து பொடித் தங்கத்தைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அதற்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனால் ஒரு முறை ஒரு காலம் சொல்லிவிட்டால் அதை மாற்றிச் சொல்ல எங்கள் தொழிலில் நாக்கு எழும்பாது. அந்தக் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

லூர்து அம்மாள்தான் பேசினார்.

“உங்கப்பன் பொய் சொல்ல மாட்டான் அருளு. மொத வருஷமே வந்துடுச்சு. தபால்காரரு எங்கையிலதான் குடுத்தாரு. அம்மா கோயிலுக்குப் போயிருந்துச்சு. நான் பொட்டியில வெச்சுட்டேன்.”

அண்ணன் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டதில், இவருக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் நின்றுபோயிருந்தது. கோபம் ஆறினதும் எடுத்துக் காட்டலாம் என்று இருந்தாராம். அடுத்த வருடம் வெறும் மணிப் படம் வந்தது. இனிமேல் பழையதை எடுத்துக் கொடுத்தால், ஒரு வருடமாக எங்கே இருந்தது என்று அம்மா கேட்பாளே என்ற பயம். அதற்கடுத்த வருடம் பயம் இன்னும் பெரிதாயிற்று. அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த வாரம் பெட்டியைத் திறந்து, அட்டையை எடுத்து, ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் அவரே கோந்து தடவி ஒட்டியிருக்கிறார். ஆக நான் தூக்கிப் போட்ட ஆல்பம் பத்திரமாக இருந்திருந்தாலும் பொய்தான் சொல்லியிருக்கும். அதைக் காட்டி இன்னொரு தடவை பொய் சொல்ல வேண்டாம் என்பதுதான் போன வாரம் அவர் குரலில் இருந்த நிம்மதி.

அருள் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். பாட்டிக்குக் கடைசி வரை தெரியாதா என்று.

“தெரியாது. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் ஆல்பத்தை மடியில வெச்சுக்கினு, வரட்டுமான்னு ஒரு தபா கேட்டிருந்தா வாடான்னு சொல்லியிருப்பேனே, அவனுக்கு அவ்ளோ ரோஷமாடின்னு எங்கிட்டதான் கேக்கும். ஆமாம்மா, அவனுக்கு ரோஷம் ஜாஸ்தின்னு நான் சொல்லுவேன்.”

அருள் எழுந்தான். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நான் கெளம்புறேன் அத்தை என்றான். அன்று இரவு முதுநகரில் தங்குவதாக வந்தவன். அந்த அம்மாள் தடுக்கவில்லை. படிக்கட்டில் அவன் செருப்புச் சத்தம் கீழே போகிற வரை கேட்டது. அந்த டிக்கெட் என்ன ஆயிற்று, அவன் திரும்ப வந்தானா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

அவன் போன பிறகு லூர்து அம்மாள் என்னிடம், நீங்க பாத்ததுமே கண்டுபுடிச்சிட்டீங்கல்ல சார் என்று கேட்டார். தலையாட்டினேன். அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க என்றார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார். மேலே உங்களுக்கு எழுதினேனே, பொங்கல், குக்கர், ஒரு டம்ளர் அரிசி, அதை அவரிடம் சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். எனக்கு அது வாயில் வரவில்லை. அட்டைகளை ஒவ்வொன்றாக உறையில் போடத் தொடங்கினேன்.

இனி உங்கள் கட்டத்துக்கு வருகிறேன். முதல் வருடம் என்று போடுங்கள். எதை அடிப்படையாக வைத்துச் சொல்கிறோம் என்று எழுதுகிற இடத்தில், பொடித் தங்கம், டியூப் கோந்து இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை எழுதி மற்றதை விட்டுவிடாதீர்கள். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். நான் அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். பேனாவை எடுத்தால் அந்தக் கைக்குட்டை ஞாபகம் வரும், வைத்துவிடுவேன். அப்படியே ஓய்வு பெறுகிற நாளும் வந்துவிட்டது.

இந்தக் கதையைப் பிறகு ஒரே ஒருவரிடம் சொன்னேன், பைண்டரிடம். ஆல்பத்தைத் தூக்கிப் போட்டதுதான் தப்பு என்றார். உங்களில் ஒருவர், பாதியைச் சொல்லி மீதியை மறைத்ததுதான் தப்பு என்பீர்கள். இரண்டும் தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் என்னைத் தூங்கவிடாதது வேறு.

அன்று மாலை நானும் அந்த அம்மாளும் ஒரே ரயிலில் போக வேண்டியவர்கள். அவர் முதுநகருக்குத் துறைமுகம் ஸ்டேஷனில் இறங்க வேண்டும், நான் அதற்கடுத்த ஸ்டேஷன். அவர் எழுந்து, வரேன் சார் என்று சொல்லிவிட்டு, கதவருகே கொஞ்சம் நின்றார். ரயிலுக்கு நேரமாச்சே, நீங்களும் அதுலதானே போவீங்க என்று கேட்டார். எனக்கு இன்னும் வேலை இருக்கும்மா, நீங்க போங்க என்று சொன்னேன். வேலை ஒன்றும் இல்லை. அந்த முகத்தோடு ஒரு மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்து வரப் பயந்தேன். அவர் போன பிறகு ஜன்னலைச் சாத்தி, பெட்டியை அதன் இடத்தில் வைத்து, அறையைப் பூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். கடலூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. என் பக்கத்து சீட் கடைசி வரை காலியாகத்தான் இருந்தது.